ஒரு சீட்டு கூடுதல்

பதினேழு நாட்களாக மாலைக் கணக்கில் ஒரு சீட்டு கூடுதலாக வந்துகொண்டிருந்தது.

குறைந்தால் என்ன செய்ய வேண்டும் என்று அந்த நகராட்சி இடுகாட்டில் விதி உண்டு. உள்ளே வருகிறவர் சன்னல் முன்னால் நின்று, யாரைப் பார்க்க வந்தார், எந்தக் கல்லறை, என்ன உறவு, எத்தனை பேர் என்று சொல்ல வேண்டும்; சன்னலுக்குள் உட்கார்ந்திருக்கும் அவள் எழுதிக் கிழித்துக் கொடுப்பாள். அடிக்கட்டை புத்தகத்திலேயே நிற்கும். திரும்பும்போது மறு வாசலில் காவலாளி சீட்டை வாங்கி, வெளியே வந்தவர் எத்தனை என்று குறித்து மரப்பெட்டிக்குள் போடுவான். ஐந்தரைக்கு மணி அடிக்கும். கடைசி ஆள் போனதும் பெட்டியைக் கவிழ்த்து எண்ணுவாள். சரியாக இருந்தால் பூட்டலாம். ஒன்று குறைந்தால் யாரோ உள்ளே இருக்கிறார், டார்ச் எடுத்துக்கொண்டு தேடிப் போக வேண்டும். எப்போதோ ஒரு பெரியவர் மனைவியின் கல்லறையருகே அசந்து தூங்கி, விடியும்வரை உள்ளேயே அடைபட்டுக் கிடந்ததால் வந்த ஏற்பாடு அது. கூடினால் என்ன செய்வது என்று யாரும் எழுதிவைக்கவில்லை.

முதல் நாள் தன் விரல்மேல்தான் சந்தேகப்பட்டாள். இரண்டாம் நாள் கண்ணின்மேல். மூன்றாம் நாள் சீட்டுகளைப் பத்துப் பத்தாகப் பிரித்து மேசையில் பரப்பிப் பார்த்தபோதுதான் அது தனியாகத் தெரிந்தது. அதே காகிதம், அதே அச்சு. ஆனால் வரிசை எண் இல்லை. எதுவும் எழுதியிருக்கவில்லை. மூடிய உள்ளங்கைக்குள் வெகுநேரம் இருந்ததுபோல் ஈரத்தில் துவண்டிருந்தது.

மேலாளரிடம் சொல்லிப் பார்த்தாள். அவர் கண்ணாடியைக் கூடக் கழற்றவில்லை.

"குறைஞ்சாதாம்மா நமக்குத் தலைவலி. கூடினா யாருக்கு என்ன? உள்ள போனவங்க எல்லாரும் வெளிய வந்தாச்சு, மேல ஒருத்தரும் வந்தாச்சு. போய்ட்டு வா."

அவளும் சிரித்துவிட்டு வந்தாள். சீட்டுகளை மட்டும் வீசாமல், ரப்பர் வளையம் போட்டு இழுப்பறையின் அடியில் வைத்தாள். காவலாளி விளையாடுகிறான் என்று ஒரு நாள் தோன்றும். அச்சகத்தில் எண் போட மறந்த புத்தகம் ஒன்று எவர் கையிலோ சிக்கியிருக்கிறது என்று இன்னொரு நாள் தோன்றும். யாராயிருந்தாலும் ஒரு காரணம் இருக்கும். காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டால் ஆளைப் பிடித்துவிடலாம்.

பதினேழாம் நாள் மதியம், இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டையில் ஒருவர் வந்து சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"அந்தப் பொம்பளை வந்தா சீட்டு கொடுக்காதீங்க. எங்க அண்ணனுக்கு அவ ஒண்ணுமே இல்ல."

"உறவுன்னு சொன்னா கொடுத்தாகணும் சார். யாரையும் தடுக்கிற அதிகாரம் எனக்கு இல்ல."

"என்ன உறவுன்னு கேளுங்களேன். பேந்தப் பேந்த முழிப்பா."

"சொல்றதை எழுதிக்குவேன். சோதிச்சுப் பாக்கறது என் வேலை இல்ல. செத்தவங்களைப் பாக்க வர்றதுக்கு எல்லாருக்கும் உரிமை இருக்கு."

"வக்கீல் மாதிரிப் பேசறீங்க," என்று முணுமுணுத்துக்கொண்டே அவர் போனார். அவள் பேனாவை மூடினாள். ஊருக்கெல்லாம் இப்படி வாய் கிழியச் சொல்கிறவள், ஒரே ஒருத்திக்கு மட்டும் அந்த உரிமையைக் கொடுக்காமல் ஒளித்து வைத்திருந்தாள்.

தென்கோடியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், புல் இன்னும் பிடிக்காத ஒரு மண்மேடு இருந்தது. அதில் கிடப்பவள் அவளுடைய தங்கை. வீட்டில் இவள் பெரியவள், தங்கை சின்னவள். அம்மா கூப்பிடுவது அப்படித்தான். அம்மாவுக்கு நெஞ்சைப் பிளந்து அறுவை நடந்த மறுநாள், ஆஸ்பத்திரிக்கு வந்துகொண்டிருந்த சின்னவளை லாரி ஒன்று தூக்கி எறிந்தது. மயக்கம் தெளிந்ததும் அம்மா முதலில் கேட்டது சின்னவளைத்தான். மருத்துவர் பெரியவளை வராந்தாவுக்குக் கூட்டிப்போய், "தொண்ணூறு நாளைக்கு எந்த அதிர்ச்சியும் கூடாது. சொன்னால் உயிருக்கு நான் பொறுப்பில்லை," என்றார். அவள் தலையாட்டினாள். மேலாளர், குழி வெட்டுகிறவர், காவலாளி, இவள். நாலே பேர் நின்று காரியத்தை முடித்தார்கள். புதைப்புச் சீட்டையும் அவள்தான் எழுதினாள்.

சின்னவளுக்குத் தொலைவில் வேலை கிடைத்துவிட்டது என்று அம்மாவிடம் பூசி மெழுகினாள். சின்னவளின் கைப்பேசிக்குத் தினமும் சார்ஜ் போட்டு, அதிலிருந்து தனக்கே செய்தி அனுப்பி, இரவில் அம்மாவுக்குப் படித்துக் காட்டினாள். அம்மாவின் கண்களில் புரை. எழுத்து தெரியாது, முகங்கள் புகை மாதிரித் தெரியும். இன்றோடு நாற்பத்தொரு நாள் ஓட்டியாயிற்று. இன்னும் நாற்பத்தொன்பது நாள்.

அன்று மாலை எண்ணியபோது முப்பத்துநாலு அடிக்கட்டை, முப்பத்தைந்து சீட்டு. கூடுதல் சீட்டு இந்த முறை காலியாக இல்லை. பென்சிலால் அழுத்தி எழுதியிருந்தது.

பார்க்கப்படுபவர்: அம்மா. உறவு: மகள். இடம்: 27/3.

இடுகாட்டில் அப்படி ஒரு எண் கிடையாது. இங்கே எல்லாக் கல்லறைக்கும் முன்னால் ஒரு எழுத்து வரும். 27/3 அவள் வீட்டுக் கதவு எண்.

பேய் பிசாசு என்று எதுவும் அவளுக்குத் தோன்றவில்லை. அவளுக்குத் தோன்றியது மிரட்டல். யாருக்கோ விஷயம் தெரியும், தெரியும் என்பதைத் துளித்துளியாகச் சொல்கிறார்கள். இடுகாட்டில் தெரிந்தவர்கள் மூன்றே பேர். அதில் சீட்டுப் பெட்டியைத் தொடுகிறவன் காவலாளி ஒருவன்தான்.

எந்நேரமும் வாயில் விசில் வைத்திருப்பதால் அவனுக்கு விசில் என்றே பெயராகிவிட்டது. மறு வாசலில் சங்கிலி மாட்டிக்கொண்டிருந்தான்.

"விசிலு, இது யார் கொடுத்த சீட்டு?"

விசிலை வாயிலிருந்து எடுத்தான். "கடைசியா போனவங்க."

"யாரு?"

"ஒரு அம்மா. தினம் கடைசியா போவாங்களே, அவங்க. நான் மூஞ்சியைப் பாக்கறதில்லையே சீட்டக்கா. அழுதுட்டு வர்றவங்களை உத்து உத்துப் பாத்தா நல்லாவா இருக்கும்? கையைப் பாப்பேன், சீட்டை வாங்குவேன், அவ்வளவுதான்."

"கை எப்படி இருந்துச்சு?"

"கை கை மாதிரிதான் இருந்துச்சு." கொஞ்சம் யோசித்தான். "சில்லுன்னு இருக்கும். ஈரமா. குழாயடில கழுவிட்டு வருவாங்க போல."

"குழாய்ல தண்ணி வந்து பத்து நாளாச்சு."

அவன் சங்கிலியை மாட்டி முடித்தான். அவள் குரலைத் தாழ்த்தினாள். "என் வீட்டு விஷயத்தை யார்கிட்டயாவது சொன்னியா?"

அவன் முகம் தொங்கிப்போயிற்று. "இப்படிக் கேட்டுட்டீங்களேக்கா. நானும்தானே தூக்கினேன் அவங்களை."

அவள் நம்பவில்லை. நம்பியது போல் தலையாட்டிவிட்டு நடந்தாள்.

மாடிப்படியில் பக்கத்து வீடுகளின் தொலைக்காட்சிச் சத்தமும், ஈரத்துணியின் வாடையும், யாரோ குழந்தையை அதட்டுவதும் வழக்கம்போல் இருந்தன. மூன்றாம் மாடியில் கதவு தாழிடாமல் ஒருச்சாய்த்திருந்தது. மேல்வீட்டு அத்தை பகல் முழுக்க அம்மாவுடன் இருந்துவிட்டு ஐந்து மணிக்குக் கதவைச் சாத்திக்கொண்டு போய்விடுவார். இழுத்துச் சாத்த மறந்திருக்கலாம். உள்ளே மண் வாசனை. அதுவும் புதிதல்ல, அவள் செருப்போடு தினமும் வீட்டுக்கு வருகிற மண்தான். செருப்பை வெளியே விட்டாள். வாசனை உள்ளேதான் இருந்தது.

அம்மா கட்டிலில் மல்லாந்து கிடந்தாள். முகம் தெளிவாக, குளித்து முடித்தவள் மாதிரி இருந்தது. மருந்து கொடுத்துவிட்டுக் கைப்பேசியை எடுத்தபோதுதான் அவளுக்கு உறைத்தது. அம்மா கேட்கவில்லை. முன்பெல்லாம் அவள் உள்ளே கால் வைப்பதற்குள், "சின்னவ ஏதாவது அனுப்பினாளா?" என்று பறப்பாள். எத்தனை நாளாகக் கேட்பதில்லை?

"அம்மா, சின்னவ அனுப்பியிருக்கா. படிக்கட்டா?"

"வேண்டாம், அதை வை."

"ஏம்மா?"

"அவ இப்படிப் பேச மாட்டா. இது யாரோ கதை எழுதற மாதிரி இருக்கு."

அவள் கைப்பேசியைக் கீழே வைத்தாள். "யாராவது வந்தாங்களாம்மா இங்க?"

அம்மா புன்னகைத்தாள். குழந்தை எதையோ முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு சிரிப்பது போல. "சொல்லக் கூடாதுன்னு உத்தரவு," என்றாள்.

அன்றிரவு தூக்கம் வரவில்லை. கல்லூரியில் படித்தபோது சோதனைக்கூடத்தில் செய்தது போல, தெரிந்ததை மட்டும் ஒரு தாளில் எழுதினாள். கூடுதல் சீட்டு முதலில் வந்தது எந்தத் தேதி. அம்மா ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தது எந்தத் தேதி. இரண்டும் ஒன்று. தாளைக் கிழித்துப் போட்டாள். கிழித்ததால் தேதி மாறவில்லை. யாரோ ஒரு பெண் இடுகாட்டிலிருந்து ஐந்தே முக்காலுக்குக் கிளம்பி, அவள் எண்ணி முடித்துப் பூட்டி வருவதற்குள் இந்த வீட்டுக்கு வந்துபோகிறாள். விசிலின் மனைவியா? குழி வெட்டுகிறவரின் மகளா? அம்மாவின் காதில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுகிறாள். ஒரு நாள் மொத்தத்தையும் சொல்வாள். அன்று அந்த நெஞ்சு தாங்காது.

காலையில் மேல்வீட்டு அத்தையிடம் ஒரு பூட்டைக் கொடுத்தாள்.

"அஞ்சு மணிக்குப் போறப்ப வெளிய பூட்டிடுங்க அத்தை. சாவி உங்ககிட்டயே இருக்கட்டும்."

"உள்ள உடம்பு முடியாதவளை வெச்சுப் பூட்டறதா? நல்லா இருக்குடி உன் யோசனை." முனகிக்கொண்டே வாங்கிக்கொண்டார்.

பதினெட்டாம் நாளும் ஒரு சீட்டு கூடியது. அதே எழுத்து. அவள் எண்ணி முடித்த கையோடு ஓடினாள். பூட்டு பூட்டியபடியே தொங்கியது. இழுத்துப் பார்த்தாள். அசையவில்லை. அப்பாடா என்று இருந்தது. மேலே போய்ச் சாவி வாங்கி வந்து திறந்தாள்.

மண் வாசனை.

தரை பளபளத்தது. வாசலிலிருந்து கட்டில்வரை, துடைத்த ஈரம்போல் ஒரு நீண்ட தடம். கட்டிலருகே முக்காலி இழுத்துப் போட்டிருந்தது. காலையில் அது சமையலறையில் இருந்தது. அம்மாவால் அதைத் தூக்க முடியாது. அம்மாவுக்கு எழுந்து உட்காரவே ஆள் வேண்டும்.

"வெளிய பூட்டச் சொன்னியாமே," என்றாள் அம்மா. "பாவம். ரொம்ப நேரம் வாசல்லயே நின்னுட்டிருந்தா."

"யாரும்மா?"

"அப்புறம் வந்துட்டா."

"எப்படி வந்தா? பூட்டு அப்படியே இருக்கு."

"எனக்கென்னடி தெரியும்? எனக்குக் கண்ணா தெரியுது?" அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். "உனக்கு எப்பவும் எல்லார் மேலயும் சந்தேகம்தான்."

இரவு முழுக்க விளக்கை எரியவிட்டு அந்த முக்காலியையே பார்த்துக்கொண்டிருந்தாள். காலையில், "இன்னிக்கு ராத்திரி வரைக்கும் கூடவே இருங்க அத்தை," என்று கேட்டுப் பார்த்தாள். பேத்திக்குக் காய்ச்சல், ஐந்துக்குமேல் முடியவே முடியாது என்றார் அவர். விடுப்பு கேட்டாள். மேலாளர் இல்லை என்றார்.

அப்படியானால் ஆளை வாசலிலேயே பிடிப்பது. பத்தொன்பதாம் நாள் மாலை நாலு மணிக்கு விசிலை அழைத்துத் தன் நாற்காலியில் உட்கார வைத்தாள். அவள் மறு வாசலில் போய் நின்றாள். அவள் முகங்களைப் பார்த்தாள். ஒவ்வொரு முகமாக, கூச்சமில்லாமல். வீங்கிய கண்கள், காய்ந்த உதடுகள், கோபங்கள், ஒரு சில நிம்மதிகள். உள்ளே போனது இருபத்தெட்டுச் சீட்டு. மணி அடித்தது. இருபத்தாறு. ஒரு தம்பதி கைகோத்து வந்தார்கள். இருபத்தேழு. கைத்தடிக்காரர் ஒருவர் நின்று நின்று வந்தார். இருபத்தெட்டு.

பிறகு யாரும் வரவில்லை. மரங்களுக்கிடையே வெளிச்சம் சாம்பலாகிக்கொண்டு வந்தது. தண்ணீர்த் தொட்டியின் பக்கம் பார்க்காமல் இருந்தாள். பிறகு பார்த்தாள். ஒன்றுமில்லை. ஐந்து ஐம்பது. பெட்டியைத் திறந்து எண்ணினாள். இருபத்தெட்டு. மறுபடி எண்ணினாள். இருபத்தெட்டு. பத்தொன்பது நாளில் முதல் முறையாகக் கணக்கு சரி. நான் நின்றேன், அவள் வரவில்லை. ஆக, மனிதப் பிறவிதான். பயப்படுகிறவள்தான்.

சிரிப்போடு சன்னலுக்கு வந்தாள். விசில் எழுந்து நின்றான்.

"அக்கா, இன்னிக்கு அந்த அம்மா இந்த வழியா வந்தாங்க."

"எந்த வழியா?"

"உள்ள வர்ற வழியா. இது போற வழி இல்லைம்மான்னு சொன்னேன். அந்தப் பக்கம் பெரியவ நிக்கிறா, என்னைப் பாத்தா தாங்க மாட்டான்னு சொன்னாங்க." அவன் சீட்டை நீட்டினான். "நான் மூஞ்சியைப் பாக்கலைக்கா. குரல்தான் எங்கயோ கேட்ட மாதிரி..."

அவள் சீட்டை வாங்கினாள். ஈரம் விரலில் ஒட்டியது.

பார்க்கப்படுபவர்: அம்மா. உறவு: மகள். இடம்: 27/3. இதெல்லாம் முன்பும் இருந்ததுதான். கீழே, இத்தனை நாளும் காலியாக இருந்த இரண்டு கட்டங்களிலும் இன்று எண்கள்.

வெளியே சென்றவர்: 1.

உள்ளே வருபவர்: 2.

அனுமதி கொடுத்தவர் கையெழுத்துக்கான இடம் மட்டும் வெறுமையாக இருந்தது. அது அவள் போடுகிற இடம்.

"எவ்வளவு நேரமாச்சு?"

"இருபது நிமிஷம் இருக்கும். அக்கா, கதவு... அக்கா, கணக்கு..."

அவள் ஓடினாள். செருப்பு ஒன்று கழன்று விழுந்தது. எடுக்கவில்லை. கடைகள். முக்கு. பேருந்தின் ஒலிப்பான். யாரோ திட்டினார்கள். படிக்கட்டு. முதல் மாடி. இரண்டாம் மாடியில் விளக்கு இல்லை. கைப்பிடிச் சுவர் ஈரமாக இருந்தது. அவளுக்கு முன்னால் யாரோ அதைப் பிடித்துக்கொண்டு ஏறியிருக்கிறார்கள்.

மூன்றாம் மாடி.

பூட்டு தொங்கியது. பூட்டியபடி. மேலே போய்ச் சாவி வாங்கி வந்து திறக்கப் போனாள். சாவி துவாரம் தப்பியது. இரண்டு முறை. மூன்று முறை. உள்ளே பேச்சுச் சத்தம். அம்மாவின் குரல் மட்டும். கேட்பதும் பதில் சொல்வதுமாக, நடுவில் இடைவெளி விட்டு.

கதவு திறந்தது.

விளக்குப் போடவில்லை. சன்னலில் மிச்சமிருந்த வெளிச்சம் போதும். அம்மா கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தாள். தானாக. முதுகு நிமிர்ந்து. வெளியே போகும்போது உடுத்துகிற நல்ல உடுப்பு. காலில் செருப்பு. முகம் சன்னலைப் பார்த்து இருந்தது. அவளுக்குப் பின்னால், கட்டிலின் மேல், இருட்டு கொஞ்சம் கெட்டியாக உட்கார்ந்திருந்தது. அதிலிருந்து ஒரு சீப்பு அம்மாவின் கூந்தலில் மேலிருந்து கீழே இறங்கியது. மறுபடி மேலே போனது. மறுபடி இறங்கியது.

அம்மாவின் தோளில் ஒரு கை. நகங்களுக்குள் மண்.

"வந்துட்டியா பெரியவளே," என்றாள் அம்மா. "தலை வாரி விடறா பாரு. எத்தனை நாளாச்சு. நாங்க ரெண்டு பேரும் போய்ட்டு வந்துடறோம்."

"எங்கம்மா?"

"அவ இருக்கிற இடத்துக்கு. நீ காட்டவே மாட்டேங்கிற. பெத்தவ ஒரு தடவை போய்ப் பாக்கக் கூடாதா?" அம்மா எழுந்திருக்கக் கையை ஊன்றினாள். "நீ சரின்னு சொன்னாப் போதுமாம். அதுக்குத்தான் காத்துட்டிருக்கோம்."

சீப்பு இறங்கியது. மேலே போனது.

சொன்னால் நெஞ்சு நின்றுவிடும். சொல்லாவிட்டால் அம்மா எழுந்து நடந்து போய்விடுவாள். நாற்பத்துமூன்று நாள் அடக்கி வைத்திருந்தது மேலே வந்தது. காற்று. அப்புறம் குரல்.

"அம்மா."

"சொல்லு."

"சின்னவ செத்துட்டாம்மா. நான்தான் புதைச்சேன்."

சீப்பு பாதிக் கூந்தலில் நின்றது.

அம்மா திரும்பிப் பார்க்கவில்லை. தோளில் இருந்த அந்தக் கையின்மேல் தன் கையை வைத்து, மெல்லத் தட்டிக்கொடுத்தாள்.